மழைமானிக்கு வீட்டிலே செய்த சூடேற்றி: இரண்டு குளிர்காலங்களின் கணக்கு

ஒன்ராறியோவில் வீட்டுப் பின்வளவில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு பொய் இருக்கிறது. டிசெம்பர் நடுவில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடக்கும். வீட்டுக்குள் சுவரில் தொங்கும் திரையோ இன்றைய மழை 0.0 மில்லிமீற்றர் என்று காட்டிக்கொண்டிருக்கும். நான்கு நாள் கழித்து, வானத்தில் ஒரு முகில்கூட இல்லாத மதிய வேளையில், புனலில் கட்டியாகிக் கிடந்த பனி வெயிலுக்கு உருகத் தொடங்கியதும், இப்போது மழை பெய்கிறது என்று அதே திரை அறிவிக்கும். நான் வாங்கிய நிலையத்தின் பெட்டியில் 'எல்லாக் காலநிலைக்கும் ஏற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உறைநிலைக்குக் கீழே மழை அளவு நம்பத்தக்கதல்ல என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் சேர்த்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சூடேற்றி இல்லாத இந்த வகை மழைமானி எதுவும் இதையேதான் செய்யும் என்பதால் பெயரால் பயனும் இல்லை. அந்த மழைமானிக்கு நானே செய்து பொருத்திய சூடேற்றி இரண்டு குளிர்காலங்களில் எப்படி வேலை செய்தது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய் 16.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனல். அதன் கீழே, கிணற்றுத் துலாப்போல நடுவில் தாங்கப்பட்டு இருபுறமும் மாறி மாறிச் சாயும் ஒரு இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிரம்பியதும் கிண்ணம் சாய்ந்து நீரைக் கொட்டிவிடும், மறுபக்கம் புனலின் துளைக்குக் கீழே வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்விலும் கிண்ணத்தில் ஒட்டியுள்ள காந்தம், காந்தம் அருகே வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிற்சைக் கடந்து செல்ல, அது 0.2 மில்லிமீற்றர் மழையாக எண்ணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தோபர் ரென் இலண்டனில் செய்து காட்டிய சாய்கிண்ண உத்திதான் இது. காந்தமும் கம்பியில்லா ஒலிபரப்பியும் மட்டுமே பின்னால் வந்து சேர்ந்தவை. மழைக்கு இது நல்ல கருவி. கோடையில் ஐந்து மாதம், கண்ணால் பார்த்துக் கையால் அளக்கும் கைமானியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

டேவிஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் மழைமானிகளுக்கென்றே தனிச் சூடேற்றி விற்கின்றன. அந்த மானியை வைத்திருப்பவர் அதையே வாங்குவது நல்லது. மேலே படிக்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை. என்னுடைய மானிக்கு அப்படியொன்று விற்பனையில் இல்லாததால் கையால் செய்ய நேர்ந்தது.

செய்வதற்கு முன் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்கே வியப்பாக இருந்ததால் அதை இங்கே முழுமையாகத் தருகிறேன். புனல் வாயின் பரப்பு 214 சதுர சென்ரிமீற்றர். மணிக்கு 1 மில்லிமீற்றர் நீராகும் அளவுக்குப் பனி விழுந்தால், அதாவது மேலோட்டமான கணக்கில் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் பனி சேர்ந்தால், புனலுக்குள் வருவது 21.4 கிராம் பனி. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 யூல் வெப்பம் தேவை. -10 பாகையிலிருந்து 0 பாகைக்கு ஏற்றுவதற்கும், உருகிய நீரை 5 பாகை வரை கொண்டுபோவதற்கும் ஆகும் சிறு தொகைகளைச் சேர்த்தால், மணிக்கு ஏறத்தாழ 8,000 யூல் வருகிறது. அதை வினாடிக் கணக்குக்கு மாற்றினால் 2.2 வாற்று மட்டுமே! ஒரு சிறிய இரவு விளக்கு எரிக்கும் மின்சாரம் பனியை உருக்கப் போதும் என்றால், கடைகளில் விற்கும் சூடேற்றிகள் ஏன் அதைப் போலப் பல மடங்கு மின்சாரம் எடுக்கின்றன? மீதி எல்லாம் காற்றுக்குத்தான் போகிறது. வெறும் பிளாஸ்ரிக் சுவர்களைக் கொண்ட மானியை வெளியில் உள்ள குளிரைவிட 15 பாகை கூடிய வெப்பத்தில் வைத்திருக்க, பக்கச் சுவர்களின் இழப்பை ஈடுசெய்யவே 25, 30 வாற்று வேண்டியிருக்கும். அதே சுவர்களுக்கு நீர் உறிஞ்சாத நுரைத்தாளை 5 மில்லிமீற்றர் தடிப்பில் சுற்றிவிட்டால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே சூடேற்றியைப் பெரிதாக்குவதற்கு முன் போர்வையைப் போடுவதே புத்தி. இதை நான் முதல் ஆண்டில் செய்யவில்லை.

முதல் ஆண்டில் செய்தது வேறு. 12 வோல்ற்றில் 12 வாற்று எடுக்கும், உள்ளங்கையளவு சிலிக்கோன் சூட்டுத்தகடு ஒன்றை வாங்கி, புனலின் அடிப்புறத்தில் அலுமினிய ஒட்டுநாடாவால் ஒட்டினேன். பனி எங்கே விழுகிறதோ அங்கே சூடாக்கினால் போதும் என்பது எண்ணம். நவம்பரில் பெய்த முதல் ஈரப்பனியின்போது அருமையாக வேலை செய்தது. ஜனவரியில் -12 பாகைக் குளிரில் பனி பெய்தபோது திரையில் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை ஏறி, அப்படியே நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் புனல் ஈரமாகப் பளபளத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கிண்ணம் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தது. மேலே உருகிய நீர் கீழே சொட்டி, குளிர்ந்த கிண்ணத்திலும், அதற்கும் கீழே நீர் வெளியேறும் வலைத்துளைகளிலும் மீண்டும் உறைந்திருக்கிறது. வெளியேற வழியில்லாமல் தேங்கிய நீர் மட்டம் உயர உயரக் கட்டியாகி, கடைசியில் கிண்ணத்தையே பிடித்துக்கொண்டது. அந்தக் கட்டியைச் சுடுநீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டியிருந்தது. கத்தியால் நெம்பியிருந்தால் கிண்ணத்தின் அச்சு முறிந்திருக்கும். புனலுக்கு மட்டும் சூடு கொடுப்பது, அடைப்பை ஒரு சாண் கீழே தள்ளிவைப்பது தவிர வேறொன்றும் செய்வதில்லை.

இரண்டாவது ஆண்டில் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகச் செய்தேன். அதே அளவுள்ள இரண்டு தகடுகள். ஒன்று புனலின் அடியில், மற்றொன்று அடித்தட்டில் வெளியேற்றுத் துளைகளுக்கு நடுவே. புனலின் வெளிப்புறம் முழுவதும் அலுமினிய நாடாவைச் சுற்றியதால் தகட்டின் வெப்பம் விளிம்பு வரை பரவியது. பிளாஸ்ரிக் வெப்பத்தைக் கடத்தாத பொருள். நாடா இல்லாவிட்டால் தகடு ஒட்டிய இடம் சுடும், இரண்டு விரல் தள்ளிப் பனி அப்படியே கிடக்கும். வெளிச்சுவருக்கு நுரைத்தாள் சுற்றி, அது ஊறாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்: சில மானிகளில் ஒலிபரப்பியும் பற்றரியும் மானியின் உடலுக்குள்ளேயே இருக்கும். அந்த உயரத்தில் அலுமினிய நாடாவைச் சுற்றினால் அலைகள் வெளியே வராது. என் நிலையம் ஒரு மாலை முழுவதும் ஊமையாக இருந்த பிறகே அது எனக்கு உறைத்தது. நாடாவைப் புனலோடு நிறுத்திக்கொண்டதும் தொடர்பு திரும்பியது. பற்றரியையும் சாதாரண அல்கலைனிலிருந்து லிதியத்துக்கு மாற்றிவிட்டேன். கடுங்குளிரில் அல்கலைன் பற்றரி சோர்ந்துபோகும்.

தகடுகளைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறிய தெர்மோஸ்ராற் பலகை. அதன் உணரி புனலின் அடிப்புறத்தில், தகட்டிலிருந்து இயன்றவரை தள்ளி ஒட்டப்பட்டிருக்கிறது. வெப்பநிலை 3 பாகைக்குக் கீழே போனால் மின்சாரம் ஓடும், 6 பாகையைத் தொட்டால் நின்றுவிடும். பலகையின் தொடுமுனை எப்போதாவது ஒட்டிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்காக, 45 பாகையில் தானே துண்டித்துவிடும் சிறு வெப்பத்துண்டி ஒன்றையும் ஒவ்வொரு தகட்டோடும் தொடராக இணைத்தேன். இதுவரை அது ஒருமுறையும் துண்டிக்கவில்லை. அதற்காக அதைக் கழற்றவும் போவதில்லை.

வெப்பம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். பலகையை முதலில் 15 பாகைக்கு வைத்திருந்தேன். ஒரு காலை வேளையில் பனித்தூறல் மெல்ல விழுந்துகொண்டிருந்தபோது, மானியின் வாயிலிருந்து தேநீர்க் கோப்பையிலிருந்து எழுவதுபோல் மெல்லிய ஆவி எழுவதைக் கண்டேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்தது நான் அளக்க வேண்டிய நீர். குளிர்ந்த வறண்ட காற்றில் வெதுவெதுப்பான ஈரப்பரப்பு ஒன்றை விரித்து வைத்தால் அது உலர்ந்துபோவதைத் தவிர வேறு என்ன நடக்கும்? அதோடு, சூடான மானியின் வாய்க்கு மேலே எழும் காற்றோட்டம், இறகுபோன்ற பனித்துகள்களை உள்ளே விழவிடாமல் தூக்கி அப்பால் தள்ளவும் செய்கிறது. மெல்லிய பனியின்போது கிண்ணம் சாய்வதற்குத் தேவையான நான்கு கிராம் நீர் சேர்வதற்குள் அதில் கணிசமான பங்கு ஆவியாகிவிடுவதால், பெய்தது முழுவதும் பதிவாகாமலே போகலாம். உறைநிலைக்கு மேலே சில பாகைகள் மட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்தது இப்படித்தான்.

மின்சாரப் பக்கத்தில் சொல்ல வேண்டியவை இரண்டு. மழையும் பனியும் நேரே விழும் ஒரு பாத்திரத்துக்குள் 120 வோல்ற்று மின்சாரத்தைக் கொண்டுபோகக் கூடாது. பழைய நாள்களில் மானிக்குள் ஒரு சிறிய குமிழ் விளக்கை எரியவிட்டுச் சூடாக்குவார்கள். அது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை, ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடாப்டர் கராஜுக்குள், மின்கசிவு நேர்ந்தால் தானாகத் துண்டிக்கும் பிளக்கில் இருக்கிறது. அங்கிருந்து 12 வோல்ற்று மட்டுமே, 3 அம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கடந்து, வெளியே வருகிறது. மற்றது வயரின் தடிப்பு. கராஜிலிருந்து மானிக்கு 15 மீற்றர் தூரம். கையில் கிடந்த 18ஆம் இலக்க வயரைத்தான் முதலில் போட்டேன் (இலக்கம் குறையக் குறைய வயர் தடிப்பாகும்). போகவர 30 மீற்றருக்கு அதன் தடை 0.6 ஓமுக்குச் சற்று மேல். இரண்டு தகடுகளும் சேர்ந்து 6 ஓம். விளைவு, 24 வாற்றுக்காகக் கணக்கிட்ட சூடேற்றிக்குக் கிடைத்தது 20 வாற்றுக்கும் சற்றுக் குறைவு. தோட்ட விளக்குகளுக்கென்று விற்கும், மண்ணில் புதைக்கக்கூடிய 14ஆம் இலக்க வயருக்கு மாறியதும் 22 வாற்று கிடைத்தது. மின்கட்டணம் பேசும் அளவுக்குப் பெரிதல்ல: இரவு பகலாக ஒரு மாதம் முழுவதும் நிற்காமல் எரிந்தாலும் 17 யூனிற்தான், யூனிற்றுக்கு 15 சதம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று டொலரைத் தாண்டாது. பாகங்கள் எல்லாவற்றுக்குமாக எனக்கு அறுபது டொலர் அளவில் செலவானது. அதில் பெரும் பங்கு வயருக்கே போனது.

இனி, இந்தச் சூடேற்றி தரும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. ஒப்பிடுவதற்கு, மழையையும் பனியையும் அளக்கும் கோக்கோராஸ் என்னும் தன்னார்வ வலையமைப்பின் உறுப்பினர்கள் பயன்படுத்தும் நான்கு அங்குலக் கைமானியை வைத்திருக்கிறேன். 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் கொலின்ஸ் நகரைத் தாக்கிய வெள்ளத்துக்குப் பின் தொடங்கிய வலையமைப்பு அது. கனடாவிலும் அதன் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் கைமானியின் புனலையும் உட்குழாயையும் கழற்றிவிட்டு வெளி உருளையை மட்டும் வெளியில் வைப்பார்கள். பனி விழுந்து முடிந்ததும் உள்ளே கொண்டுவந்து, அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழித்துக் கணக்கெடுப்பார்கள். நான் அதை அப்படியே சமையலறைத் தராசில் நிறுத்துவிடுகிறேன். அந்த உருளைக்கு 8.1 கிராம் என்றால் ஒரு மில்லிமீற்றர். மார்ச் மாதத்தில் உறைநிலையை ஒட்டிப் பெய்த ஒரு கனத்த ஈரப்பனியில் உருளை 11.4 மில்லிமீற்றர் காட்டியது; சூடேற்றிய மானி 10.2. இதை நான் நல்ல பெறுபேறு என்றே சொல்வேன். ஆனால் ஜனவரியில் -14 பாகையில், காற்றோடு விழுந்த உலர்பனியில் உருளை 4.6 காட்டியபோது மானி காட்டியது 2.4 மட்டுமே.

அந்தப் பாதி எங்கே போனது என்பதற்குச் சூடேற்றியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆவியானது ஒரு பங்கு. காற்று அடித்துக்கொண்டு போனது அதைவிடப் பெரிய பங்கு. நிமிர்ந்து நிற்கும் எந்தப் பாத்திரத்தின் மேலும் காற்று வளைந்து ஏறித்தான் கடக்கும். மழைத்துளி தன் கனத்தால் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழும், பனியிறகு காற்றோடே போய்விடும். காப்பில்லாத மானியில், மணிக்கு இருபது கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டிய காற்றிலேயே பாதிப் பனி தவறிவிடக்கூடும். என் மானியின் ஆழமில்லாத புனலில் விழுந்த பனியும் அடுத்த வீச்சில் வெளியேறிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உலக வானிலை அமைப்பு இந்தச் சிக்கலுக்காகவே 2012 முதல் 2015 வரையிலான குளிர்காலங்களில் பல நாடுகளில் மானிகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டது. அந்தக் களங்களுள் ஒன்று ரொறன்ரோவுக்கு வடக்கே எக்பேர்ட்டில் உள்ள ஆய்வு நிலையம். கனடாவின் அரச வானிலைச் சேவை தன் தானியங்கி நிலையங்களில் பனிக்குச் சாய்கிண்ணத்தை நம்பியிருப்பதில்லை. விழுவதை உருக்கி எண்ணுவதற்குப் பதிலாக வாளியோடு சேர்த்து நிறுக்கும் எடைமானிகளை, காற்றைத் தணிக்கும் தகட்டு வேலியோடு நிறுத்தி, வாளிக்குள் உறைதடுப்பு நீரும் ஊற்றி வைக்கிறது. அறுபது டொலர் சூடேற்றி அதற்கு இணையாகும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நேரக் கணக்கும் பிசகும். பனி விழத் தொடங்கிய பிறகு முதல் சாய்வு பதிவாகச் சாதாரணமாக இருபது நிமிடம் முதல் அரை மணி வரை ஆகிறது. பனி நின்ற பின்னும் சிறிது நேரம் கிண்ணம் சாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே குளிர்காலத்தில் திரையில் தெரியும் 'மழை வீதம்' என்ற எண்ணை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நாள் மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் குறைகளை அறிந்தபின்னும் இதை வைத்திருக்கக் காரணம் நவம்பர், டிசெம்பர் முதல் பாதி, பிறகு மார்ச், ஏப்ரல் ஆகிய மாதங்கள். இந்தப் பகுதியில் ஈரப்பனி, ஆலியோடு கலந்த மழை, உறைமழை எல்லாம் மாறி மாறி வருவது அப்போதுதான், வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடும் நாள்களும் அவையே. காலையில் பனியாகத் தொடங்கி மாலையில் மழையாக முடியும் ஒரு நாளில், சூடேற்றி இல்லாத மானியின் புனலைக் காலைப் பனி அடைத்துவிடுவதால் மாலை மழையும் சேர்ந்தே கெட்டுப்போகும். சூடேற்றி வந்த பின் அந்த நாள்கள் எனக்கு மீண்டும் கிடைத்தன. உறைமழையில் இது இன்னும் சிறப்பாக நடந்தது. வேலியும் மரக்கிளைகளும் கண்ணாடி பூசியதுபோல் நிற்க, புனல் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நகைமுரணையும் சொல்லிவிட வேண்டும்: 2013 டிசெம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான இணைப்புகள் மின்சாரம் இழந்து இருண்டன. அப்படியொரு புயல் மீண்டும் வந்தால், மானிக்குச் சூடு எப்போது மிகவும் தேவையோ அப்போதே அது அணைந்துபோகும். அதற்காகப் பெரிய பற்றரி வாங்கி வைக்கும் அளவுக்கு என் ஆர்வம் முற்றவில்லை.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், சாய்கிண்ண மானி ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்து, வயர் இணைப்பும் ஒட்டும் வேலையும் கைவந்த, வருடத்தின் இரு முனைகளிலும் உள்ள மாதங்களை இழக்க விரும்பாதவருக்குத் தயங்காமல் சொல்வேன். பிரெய்ரி மாகாணங்களைப்போல வறண்ட கடுங்குளிரும் திறந்தவெளிக் காற்றும் உள்ள இடத்தில் இருப்பவர் அந்தப் பணத்தில் ஒரு கைமானியை வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், அது தரும் எண்ணும் இதைவிட மேலானது. உத்தரவாதக் காலம் முடியாத மானியில் ஒட்டுவேலை செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் நான் அடாப்டரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே துடைப்பேன். நாடா விளிம்பு எங்காவது எழும்பிக் கிண்ணத்தில் உரசுகிறதா என்று பார்ப்பதும், பிறகு அடியில் சிறு துளையிட்ட போத்தலிலிருந்து 428 மில்லிலீற்றர் நீரைச் சொட்டுச் சொட்டாகப் புனலில் விடுவதும் வழக்கம். 214 சதுர சென்ரிமீற்றர் வாய்க்கு அது சரியாக 20 மில்லிமீற்றர் மழை. கிண்ணம் நூறு தடவை சாய வேண்டும். இந்த முறை 97 தடவைதான் சாய்ந்தது. கிண்ணம் வந்து தங்கும் இரண்டு திருகாணிகளையும் சற்றே மேலே ஏற்றி மறுபடி ஊற்றியதில் நூறு வந்தது.